வேலியில் கட்டிய கேசட்டுகள்

அத்தா ஊரோடு இருப்பாரா, திரும்பவும் ரியாத்துக்கே போவாரா என்பதை அந்த வருஷம் எங்கள் வீட்டில் மான்கள்தான் முடிவு செய்வதாக இருந்தது. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எங்களுக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு மலைப் பக்கமாக உள்ளே போனால், அந்தக் காலத்தில் வீடுகள் பாதி வழியிலேயே முடிந்துவிடும். அதற்கப்புறம் வெள்ளையடித்த எல்லைக் கல் நட்ட மனைகள், முள்ளுச்செடி, அதற்கும் அப்புறம் காடு. கடைசி வரிசையில் எங்கள் வீடு. அத்தா ரியாத்தில் இருந்தபடியே ஃபோட்டோவில் பார்த்து வாங்கிய மனை அது. வீட்டுக்குச் சிமெண்ட் பூச்சு முன்பக்கம் மட்டும்தான். பின்பக்கம் செங்கல் அப்படியே தெரியும். சுற்றுச்சுவர் மூன்று பக்கம் எழும்பி, காட்டைப் பார்த்த நாலாவது பக்கம் வரும்போது நின்றுபோயிருந்தது. அங்கே ஏழு கல் கம்பம், மூன்று வரிசை முள்கம்பி. எங்களுக்கும் காட்டுக்கும் நடுவில் அவ்வளவுதான்.

இப்போது அந்த இடத்தில் போய் நின்றால் எது எங்கள் மனை என்று எனக்கே அடையாளம் தெரியாது. வரிசையாக அபார்ட்மெண்ட். பால்கனியில் துணி காய்கிறது. மான் வந்தது என்று சொன்னால் அந்த வீட்டுப் பிள்ளைகள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அத்தா பதினாறு வருஷம் சவூதியில் தையல் வேலை பார்த்தவர். தையல் என்றால் முழுத் தையல் இல்லை. அந்த ஊர் ஆண்கள் போடுகிற நீள வெள்ளை அங்கியில் ஒருத்தர் கை வைப்பார், ஒருத்தர் பட்டனுக்குக் காஜா எடுப்பார், அத்தா கழுத்துப்பட்டி தைப்பார். பதினாறு வருஷமும் கழுத்துப்பட்டி. முதலாளி கடையை மூடப்போகிறேன் என்றதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு தையல்கடையில் போய் வேலை கேட்டிருக்கிறார். "பேண்ட் வெட்டுவீங்களா பாய்? ஜாக்கெட்டு?" என்று கேட்டார்களாம். தெரியாது என்று சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார்.

"கழுத்துப்பட்டி மட்டும் இங்க யாருக்கும் வேணாமாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

சும்மா உட்காரத் தெரியாத மனிதர். தை மாதம் ஒரு மண்வெட்டி வாங்கிவந்து வீட்டுக்குப் பின்னால் கொத்த ஆரம்பித்தார். எங்கள் குடும்பத்தில் யாரும் விவசாயம் செய்ததில்லை. எந்த விதையை எவ்வளவு ஆழத்தில் போடுவது என்று விதைக் கடைக்காரரிடம் கேட்டுவந்து, தையற்காரர் இல்லையா, இன்ச் டேப்பை வைத்து அளந்து குழி போட்டார். வெண்டை, கத்தரி, கொத்தவரை, காராமணி, தண்டுக்கீரை. ஓரமாகப் பந்தல் போட்டு பீர்க்கை. அடி பம்பில் நான் அடிக்க அடிக்க அவர் குடத்தில் பிடித்து ஊற்றுவார். இருவரும் பேசிக்கொள்ள மாட்டோம்.

அந்தச் சமயத்தில்தான் பல்லாவரத்து மாமா வந்தார். அத்தாவோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர். எங்களுக்குச் சொந்தமில்லை, ஆனாலும் மாமா. பழைய முதலாளி வேறு இடத்தில் கடை திறக்கிறாராம், விசா அனுப்பத் தயாராம், வைகாசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். அத்தா கீரைப் பாத்தியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"இந்தத் தோட்டம் காய்ச்சுதுன்னா இங்கயே இருந்துடறேன். ஒரு வேலையாவது இந்த ஊர்ல என் கையால உருப்பட்டுதுன்னு இருக்கும்ல? காய்க்கலன்னா போறேன்."

அவர் பாதி விளையாட்டாகத்தான் சொன்னார். டீ கிளாஸோடு நின்றிருந்த அம்மா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு அஸர் தொழுகைக்குப் பிறகு அம்மா கூடுதலாக நேரம் கையேந்தி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். காராமணிக்காகத்தான் துவா கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

எனக்கு இதில் என்ன இருந்தது என்று நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், அத்தாவை எனக்கு அப்போது சரியாகத் தெரியாது. எனக்கு மூன்று வயதாகும்போது போனவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாதம் வருவார், போய்விடுவார். முகத்தைவிட அவர் குரல்தான் எனக்குப் பழக்கம். அத்தாவும் அம்மாவும் அரபு எழுத்தைக் கூட்டி ஓதுவார்கள். தமிழ் எழுத்து இருவருக்கும் வராது. ஆரம்பத்தில் கடிதம் வந்ததாம். அத்தா யாரிடமோ சொல்லி எழுதி அனுப்ப, இங்கே யாரையோ கூப்பிட்டுப் படிக்க வைக்க, புருஷன் பெண்டாட்டி பேச்சு நாலு பேர் வாயில் போய் வந்தது. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கேசட்.

சவூதியிலிருந்து யாராவது வரும்போது சட்டைத் துணிக்குள் சுற்றி ஒரு கேசட் வரும். ஏ பக்கம் எல்லோருக்கும். அஸ்ஸலாமு அலைக்கும் என்று தொடங்கி, மாமி, சின்னம்மா, எதிர்வீட்டு அண்ணா, பால்காரர் வரை ஒருவர் விடாமல் சலாமும் விசாரிப்பும். அங்கே வெயில் எப்படி, நோன்புக்கு என்ன சாப்பிட்டார், அறையில் யார் குறட்டை விடுகிறார் என்று அரை மணி நேரம் பேசுவார். நாங்கள் டேப்ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து கேட்போம். பி பக்கம் அம்மாவுக்கு. அதற்கு அம்மா கதவைச் சாத்திக்கொள்வார். பதில் கேசட்டில் என்னை ரைம்ஸ் சொல்லச் சொல்வார்கள். வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஒவ்வொரு வருஷமும் எந்த வகுப்பு, என்ன படிக்கிறேன் என்பதை அந்தச் சின்ன மைக்கில் ஒப்பிக்க வேண்டும்.

கேசட்டில் அப்படிப் பேசிய மனிதர் நேரில் பேசவே மாட்டார் என்பது அவர் ஒரேயடியாக வந்த பிறகுதான் தெரிந்தது. நான் பி.காம். இரண்டாம் வருஷம். சாயங்காலம் தாம்பரத்திலிருந்து ரயிலேறி வீடு திரும்பினால், "வந்துட்டியா?" என்பார். "வந்துட்டேன் அத்தா" என்பேன். அதோடு சரி. இன்னும் கொஞ்ச நாள் இருந்தால் பேசிவிடுவோம் என்று எனக்கு ஒரு நினைப்பு. அதற்கு அவர் இருக்க வேண்டும்.

மாசி கடைசியில் மான் வந்தது.

காடு காய்ந்துவிட்டது. மேலே எங்கும் பச்சை இல்லை, எங்கள் வீட்டுப் பின்புறம் மட்டும் பச்சை. விடிகாலை சுபுஹுத் தொழுகைக்கு முகம் கைகால் கழுவப் போன அத்தா, "இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். காராமணி வரிசை மொத்தமும் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் முழங்கால் உயரத்தில் நின்றது. கீரைப் பாத்தியில் கீரையே இல்லை. ஈர மண்ணில் இரட்டைக் குளம்புத் தடம், பெரிசும் சிறிசுமாக.

எங்களுக்கு முந்தின வீட்டு ஆட்டோக்கார அண்ணா பல் விளக்கிக்கொண்டே வந்து பார்த்தார்.

"இன்னா பாய், விருந்தாளிங்க வந்து துன்னுட்டு போயிகீறாங்கோ போல?"

"எல்லாம் போச்சு தம்பி."

"அட, மானு வூடு தேடி வர்றதுக்கு யோகம் வேணும் பாய். எங்க வூட்டாண்டல்லாம் வர மாட்டேங்குது."

அம்மாவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "அப்ப அந்த யோகத்த உங்க வூட்டாண்டயே கூட்டிகினு போங்கண்ணா. எங்களுக்கு வேணாம்."

அடிக்கவோ விரட்டிப் பிடிக்கவோ கூடாது. மான் மேல் கை வைத்தால் கேஸ் என்பது அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். வராமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். படித்தவன் என்ற முறையில் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் நூலகத்துக்குப் போய் விவசாயப் பத்திரிகைகளைப் புரட்டினேன். மானுக்கு மோப்பம் அதிகம், வாசனை சோப்பைத் துண்டு போட்டு வேலியில் தொங்கவிட்டால் அண்டாது என்று ஒன்றில் போட்டிருந்தது. வீட்டில் இருந்த குளியல் சோப்பு எல்லாவற்றையும் துண்டு போட்டு, கோணி ஊசியால் துளைத்து, சணலில் கோத்து, கம்பி நெடுகத் தொங்கவிட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மான் என்ன நினைத்ததோ தெரியாது. காக்காய்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மத்தியானத்துக்குள் ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டு பறந்துவிட்டன. சாயங்காலம் ஆட்டோக்கார அண்ணாவின் மனைவி வந்து, "ஏங்கா, எங்க தண்ணித் தொட்டியில நுரை நுரையா வருது, இன்னான்னே தெரியல" என்றார். அம்மா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"மானு வரக்கூடாதுன்னு சோப்பு கட்டினான். காக்காவக் குளிப்பாட்டி அனுப்பிட்டான் படிச்ச புள்ள" என்றார் அத்தா. நேரில் அவர் சொல்லி நான் கேட்ட முதல் ஜோக் அது. வெட்கத்தோடு வெட்கமாகச் சந்தோஷமும் பட்டேன்.

மிளகாய்த்தூளைக் கரைத்துத் தெளித்தோம். காற்று திரும்பி அடித்ததில் மூன்று பேருக்கும் கண் எரிந்தது. மறுநாள் காலை வெண்டைக் குருத்து போயிருந்தது. அத்தா செடி போன இடத்தில் மறுபடி விதை ஊன்றினார். அம்மா காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார். படிக்கத் தெரியாவிட்டாலும் தாள் எவ்வளவு கனம் குறைந்திருக்கிறது என்று தடவிப் பார்ப்பார்.

வழி சொன்னது ஆட்டோக்கார அண்ணாதான்.

"என் வூட்டுக்காரி ஊருல, மதுராந்தகத்தாண்ட, கல்லக்கா கொல்லையில இன்னா பண்ணுவாங்கோ தெரியுமா பாய்? கேசட்டுக்குள்ள இருக்குதே டேப்பு, அத்த உருவி வேலிக்கு இழுத்துக் கட்டிடுவாங்கோ. காத்தடிச்சா போதும், 'ஙொய்'னு அது பாட்டுக்கு கத்திகினே இருக்கும். மானு, பன்னி, ஒண்ணும் கிட்ட வராது."

ஆட்டோவில் அப்போதுதான் சி.டி. போடுகிற செட் மாற்றியிருந்தார். பழைய பாட்டு கேசட் பத்துப் பன்னிரண்டை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். "இதுல ஒரு கேசட்டுகூட இப்ப எங்கயும் கெடைக்காது. அழுதுகினேதான் குடுக்கறேன்" என்றார்.

டேப்பை நேராகக் கட்டினால் சத்தம் வராது. ஒரு கம்பத்தில் முடிச்சுப் போட்டு, அடுத்த கம்பம் வரை இழுத்து, நடுவில் ஒரே ஒரு முறுக்கு விட்டுக் கட்ட வேண்டும். தொய்யவும் கூடாது, ரொம்ப இழுக்கவும் கூடாது. இந்த அளவு அத்தாவுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. நூலின் இழுவை பார்த்துப் பழகிய விரல் இல்லையா? "நீ விடு, நான் கட்டறேன்" என்று வாங்கிக்கொண்டார். சாயங்காலம் கடல் காற்று வந்தது. ஏழு கம்பமும் ஒன்றாக முனக ஆரம்பித்தன. காட்டுப் பக்கம் பெரிய வண்டு ஒன்று பறந்துகொண்டே இருப்பது மாதிரி. வெயில் சாய்கையில் பழுப்பு டேப் பளபளவென்று மின்னியது.

மறுநாள் காலை தடம் இருந்தது. வேலி வரை வந்து, அங்கேயே சுற்றி, திரும்பிப் போயிருந்தது. அத்தா குனிந்து அந்தத் தடத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அன்றைக்கு இரண்டு கிளாஸ் டீ குடித்தார்.

ஆனால் டேப் தாங்காது. வெயிலில் முறுகி, காற்றில் அடிபட்டு, ஒரு வாரத்தில் அறுந்துவிடும். அறுந்த இடத்தில் புதுசு கட்ட வேண்டும். சித்திரை பிறக்கும்போது ஆட்டோ கேசட் எல்லாம் தீர்ந்துவிட்டது. வெண்டை அப்போதுதான் பூ வைத்திருந்தது. நான் கல்லூரியில் நண்பர்களைக் கேட்டு நாலைந்து கொண்டுவந்தேன். அதுவும் போனது.

ஒரு வெள்ளிக்கிழமை. அத்தா ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். அம்மா பரணிலிருந்து பெரிய பால் பவுடர் டப்பாவை இறக்கி என் முன்னால் வைத்தார். சவூதியிலிருந்து வந்த டப்பா. மூடியைத் திறந்தால் கேசட்டுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் சேஃப்டி பின் கொண்டு கீறிய கோடுகள். முதலாவதற்கு ஒரு கோடு, இரண்டாவதற்கு இரண்டு. எண் எழுதத் தெரியாததால் அம்மா வைத்துக்கொண்ட வரிசை. கடைசியில் இருந்ததற்கு முதுகு முழுக்கக் கோடு.

"இத உருவிக் கட்டு."

எனக்குப் புரிய நேரமாயிற்று. "அம்மா, இது அத்தா பேசினது."

"தெரியும். நான் என்ன கேக்காதவளா?"

"இத எப்படிம்மா... வேற எங்கயாவது கேட்டுப் பாக்கறேன்."

"நீ கேட்டு வாங்கி வர்றதுக்குள்ள அது பூவ மேஞ்சிடும். அவரு விசாவுக்கு சரின்னு சொல்லிடுவாரு." டப்பாவை என் பக்கம் இன்னும் நகர்த்தினார். "ஆளே இங்க இருக்காரு. அவரு குரல டப்பாவுல போட்டு வெச்சு நான் என்ன பண்ணட்டும்?"

"ஒரு தடவை போட்டுக் கேட்டுட்டாவது..."

"எனக்கு மனப்பாடம்டா. நீ கட்டு. அவருகிட்ட சொல்லாத, காலேஜ்ல வாங்கினதுன்னு சொல்லு."

பென்சிலால் சுற்றாமல் நேராகவே உருவினேன். உருவ உருவக் கையில் சுருள் சுருளாக விழுந்தது. ஏ பக்கமும் பி பக்கமும் ஒரே நாடாவில்தானே இருக்கும். பால்காரருக்குச் சொன்ன சலாமும், கதவைச் சாத்திக்கொண்டு அம்மா கேட்டதும் சேர்ந்தே வந்தன. அம்மா பக்கத்தில் நின்று பார்த்தார். கடைசி ஒன்றை மட்டும் எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனார். பத்து நாள் கழித்து டேப் மறுபடி தீர்ந்தபோது அதையும் கொண்டுவந்து கொடுத்தார். காலிக் கூடுகளைத் தூக்கிப் போட மனசில்லாமல் அதே டப்பாவில் போட்டுப் பரணில் வைத்தேன்.

அத்தாவிடம் காலேஜில் வாங்கியது என்றேன். அவர் தன் குரலை வாங்கி, இழுவை பார்த்து, முறுக்கு விட்டு, கம்பத்துக்குக் கம்பம் கட்டினார். பொய் சொன்ன உறுத்தலில் நான் பம்பு அடிக்கப் போய்விட்டேன்.

தோட்டம் காய்த்தது. முதல் வெண்டை பதினைந்து இருக்கும். அத்தா லுங்கியை மடித்து அதில் போட்டுக்கொண்டு வந்து சமையலறைத் தரையில் கொட்டினார். ஒன்றை எடுத்து நுனியை ஒடித்துக் காட்டினார். "பிஞ்சு" என்றார். அம்மா அன்றைக்கு வெண்டைக்காய்ப் பச்சடி பண்ணி ஆட்டோக்கார அண்ணா வீட்டுக்கும் கொடுத்து அனுப்பினார். பந்தலில் பீர்க்கை விரல் நீளத்துக்குத் தொங்கியது. பல்லாவரத்து மாமா வந்தபோது அத்தா அவரைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினார். "இருந்துடுவ போலிருக்கே?" என்று மாமா கேட்டார். அத்தா சிரித்தார். அந்தப் பதினைந்து இருபது நாள் எங்கள் வீடு இருந்ததுபோல் அதற்கு முன் இருந்ததில்லை. சாப்பிடும்போது மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்தோம். அத்தா, ரியாத் அறைக்குள் ஒரு முறை பூனை வந்து பிரியாணியில் வாய் வைத்த கதையைச் சொன்னார். கேசட்டில் கேட்ட கதைதான். அம்மா அதுவரை கேட்காதவர் மாதிரி சிரித்தார்.

அக்கினி நட்சத்திரம் வந்தது. ஒரு விடிகாலை, காற்றே இல்லை. இலை அசையவில்லை. டேப் வாயை மூடிக்கொண்டு தொங்கியது.

அத்தா பின்கதவைத் திறந்தபடி அசையாமல் நின்றதைப் பார்த்து நானும் போய் அவர் தோளுக்குப் பின்னால் நின்றேன். ஏழெட்டு இருந்தன. தோட்டத்துக்கு நடுவே, வீட்டுப் பிராணி மாதிரி நிதானமாக மேய்ந்தன. ஒரு குட்டி பந்தல் காலில் உரசிக்கொண்டிருந்தது. பெரிய கிடா ஒன்று பின்னங்காலில் எழுந்து பீர்க்கைக் கொடியை இழுத்தது. இவ்வளவு பக்கத்தில் நான் மானைப் பார்த்ததில்லை. அழகாக இருந்தது என்று இப்போது எழுதலாம். அப்போது நான் எத்தனை செடி மிச்சம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அத்தா கையைத் தட்டினார். ஒரே பாய்ச்சல். எல்லாம் கம்பியைத் தாண்டிப் போய்விட்டன. கிடா மட்டும் தாண்டும்போது கொம்பு டேப்பில் சிக்கியது. இழுத்ததில் இரண்டு கம்பத்து டேப் அறுந்துகொண்டு போயிற்று. கொம்பிலிருந்து வால் மாதிரி நீளமாகப் பறக்க, முள்ளுச்செடிக்குள் ஓடி மறைந்தது. அத்தா எந்த வருஷம் யாரிடம் பேசியதைச் சுற்றிக்கொண்டு போனதோ.

பந்தல் சரிந்து கிடந்தது. வெண்டையில் தண்டு மட்டும். "வேற டேப்பு இருக்கா?" என்று அத்தா கேட்டார். இல்லை என்று நான் சொல்வதற்குள், பரணில் டப்பாவைப் பார்த்துவிட்டு ஸ்டூல் போட்டு இறக்கினார். திறந்தார்.

காலிக் கூடு ஒன்றை எடுத்தார். அந்தச் சின்ன ஜன்னல் வழியாக இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தெரிந்தது. முதுகில் இருந்த கோடுகளை விரலால் தடவினார். இன்னொன்றை எடுத்தார்.

"இது நான் அனுப்பினதுல்ல?"

"ஆமா அத்தா."

"காலேஜ்ல வாங்கினதுன்னு சொன்ன?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அம்மாதான் குடுத்தாங்க."

கூட்டைக் கையில் வைத்துக்கொண்டே சமையலறை வாசலுக்குப் போனார். அம்மா அடுப்பில் பால் வைத்திருந்தார்.

"எல்லாத்தையுமா குடுத்துட்ட?"

"எல்லாத்தையும்தான்."

"ஒண்ணுகூட வெச்சுக்கலியா?"

"எதுக்கு?"

"எதுக்கா? நாளைக்கு நான் போய்ட்டேன்னா எதப் போட்டுக் கேப்ப?"

அம்மா திரும்பவில்லை. பால் பொங்கி வந்ததை ஊதி அடக்கினார்.

"போனாத்தானே?" என்றார்.

அத்தா கையிலிருந்த கூட்டை டப்பாவில் போட்டார். பிறகு வெளியே போய்ச் சரிந்த பந்தலின் மூங்கிலை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். அறுந்த டேப் துண்டுகளைப் பொறுக்கிச் சுருட்டினார். அன்றைக்கும் அடுத்த நாளும் அம்மாவும் அவரும் அதைப் பற்றிப் பேசியதாக எனக்குத் தெரியவில்லை. தோட்டம் காய்க்காவிட்டால் போவேன் என்று சொன்ன வார்த்தை எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. மாமா ஞாயிற்றுக்கிழமை வந்து, "இந்த வாரத்துக்குள்ள சொல்லிடணும், அடுத்த ஞாயிறு வர்றேன்" என்றார். "சொல்றேன்" என்றார் அத்தா. அம்மா அவரை எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த வாரம் கல்லூரியில் பரீட்சை முடிந்ததும் வழக்கமான ரயிலுக்கு நிற்காமல் முந்தின ரயிலைப் பிடிக்க ஓடியது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

புதன்கிழமை காட்டு வாட்ச்சர் வந்தார். காக்கிச் சட்டை, சைக்கிள்.

"ஏன் பாய், ஒரு கிடா கொம்புல கேசட்டு டேப்பு சுத்திகினு காட்டுல திரியுதே, உங்க வூட்டுதா?"

அம்மா பயந்துபோய் நாற்காலி எடுத்துப் போட்டார். அத்தா உள்ளதைச் சொன்னார்.

"கேஸெல்லாம் இல்ல, பயப்படாதீங்க. அது மரத்துல தேய்ச்சு அறுத்துடுச்சு. ஆனா குட்டி கழுத்துல சுத்திச்சின்னா செத்துடும். எல்லாத்தையும் கழட்டிடுங்க."

"கழட்டிடறேன் சார்." அத்தா எழுந்து, வாட்ச்சர் கண்ணெதிரிலேயே மிச்சமிருந்த டேப்பை அவிழ்க்க ஆரம்பித்தார். அவிழ்த்துக்கொண்டே கேட்டார்: "எதத்தான் சார் அது திங்காது?"

வாட்ச்சர் டீயை ஆற்றிக்கொண்டு யோசித்தார். "பசிச்சா எல்லாத்தையும் திங்கும். சேனைய தொடாது, வாய் அரிக்கும். மஞ்ச தொடாது. மோந்து பாத்துட்டுப் போய்க்கினே இருக்கும். நீங்க வெண்டைக்காயும் காராமணியும் போட்டு, இல வெச்சு விருந்து போட்டுட்டு, ஏன்டா வந்தேன்னு கேட்டா அது இன்னா பண்ணும்?"

அத்தா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. வேலியில் இப்போது ஒன்றுமே இல்லை. ஏழு கம்பமும் மொட்டையாக நின்றன.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு தாம்பரம் போன அத்தா சாயங்காலம்தான் வந்தார். தோளில் ஒரு கோணிப்பை. பின்பக்கம் கொண்டுபோய் இறக்கினார். நானும் அம்மாவும் போய்ப் பார்த்தோம். விதை மஞ்சள், மண் ஒட்டிய விரல் விரலாக.

சனிக்கிழமை காலையில் பழைய பாத்தியைக் கொத்தி, மண்ணை வரப்பு மாதிரி நீளமாக ஒதுக்கிப் புதிதாகப் பார் பிடித்தார். நான் பம்பு அடித்தேன். அம்மா வாசற்படியில் நின்று ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இது எத்தினி நாள்ல வரும்?"

"ஒம்பது மாசம் ஆவும்னு கடைக்காரரு சொன்னாரு."

அம்மா விரலை மடக்கி எண்ணினார். ஆனி, ஆடி, ஆவணி... மாசி வரை போனது.

"அது வரைக்கும் யாரு தண்ணி ஊத்துறது? எனக்கு முட்டி வலி. இவன் காலேஜுக்குப் போவான்."

அத்தா மண்வெட்டியை நிறுத்தினார். "ஏன், நான் இல்ல?"

அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி வந்து பாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு மஞ்சளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்தப் பக்கம் மேல வரணும்?"

"முளை தெரியுதுல்ல, அந்தப் பக்கம்" என்றார் அத்தா. இன்ச் டேப்பை எடுத்து அளந்து குச்சியால் கோடு போட்டார். அம்மா அந்த இடத்தில் வைத்தார். நான் மண் மூடினேன். வெயில் ஏறும் வரை வைத்தோம்.

நாலாவது பாரில் எனக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. "மாமாவுக்கு போன் பண்ணிச் சொல்லணுமே அத்தா. அவரு பதிலுக்குக் காத்துட்டிருப்பாரு."

அத்தா கோட்டை நேராகப் போடுவதிலேயே கவனமாக இருந்தார்.

"நாளைக்குத்தான் வர்றேன்னு சொல்லியிருக்கான்ல? வந்து இதப் பாத்தா அவனே தெரிஞ்சுக்குவான்" என்றார்.